லிங்க் இறந்தானா? – ஒரு வீடியோ கேம் நாயகனின் சாவு பற்றிய கொள்கைகளும் அவற்றின் எடையும்

தோற்றுவாய்

சங்க மலரில் என் கட்டுரைகளை ஆண்டுதோறும் பொறுமையோடு வாசித்துவரும் அன்பர்கள் இம்முறை தலைப்பைக் கண்டதும் திகைக்கக்கூடும். யசோதர காவியம், நீலகேசி, நன்னூல் உரைகள் என்று எழுதிக்கொண்டிருந்த கிழவனுக்கு வீடியோ கேம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் மருமகளும் அதையேதான் கேட்டாள்.

வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். புனேயில் 38 ஆண்டுகளாக எவர்சில்வர் பாத்திர வியாபாரம். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்ததுதான் என் படிப்பெல்லாம். ஆகையால் இக்கட்டுரையில் புலமை மணம் குறைவாகவும் கடைவீதி மணம் கூடுதலாகவும் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

என் பேரனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அவன் பழைய விளையாட்டு ஒன்றையே மறுபடி மறுபடி ஆடிக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "தாத்தா, இந்தக் கதையில ஹீரோ ஆரம்பத்துலேயே செத்துட்டான். அவனுக்கே அது தெரியாது. விளையாடுற பாதிப் பேருக்கும் தெரியாது."

"நூலில் அப்படிச் சொல்லியிருக்கா?" என்று கேட்டேன்.

"சொல்லல. ஆனா கண்டுபிடிச்சிருக்காங்க."

சொல்லாததைக் கண்டுபிடிப்பது என்றால் அது உரையாசிரியர் வேலை அல்லவா! அந்த வேலையை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

கதைச் சுருக்கம்

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்பது ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தின் நெடுந்தொடர். 1998-இல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' அதில் பெரும்புகழ் பெற்றது. ஹைரூல் நாட்டை மீட்ட லிங்க் என்னும் சிறுவன் அதன் நாயகன். ஏழாண்டு காலத்தைக் கடந்து சென்று, வளர்ந்த இளைஞனாகப் போரிட்டு வென்று, பிறகு இளவரசி செல்டாவால் மீண்டும் சிறுபிள்ளைப் பருவத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறான். அவனோடு கூடவே பறந்துவந்த நாவி என்னும் தேவதை இறுதியில் அவனைப் பிரிந்து போய்விடுகிறது.

அதன் தொடர்ச்சி 2000-ஆம் ஆண்டு வெளிவந்த 'மஜோராஸ் மாஸ்க்'. எய்ஜி அவோனுமா, யோஷியாகி கொய்சுமி இருவரும் இயக்கினர். ஷிகெரு மியாமோட்டோ தயாரித்தார். 2015-இல் 3டிஎஸ் கருவிக்குப் புதுப்பித்தார்கள். 2022-இல் ஸ்விட்ச் கருவிக்கும் பழைய வடிவத்தையே கொண்டுவந்தார்கள். என் பேரன் ஆடியது இதைத்தான்.

பிரிந்துபோன தோழியைத் தேடி லிங்க் குதிரை மேல் ஒரு காட்டுக்குள் போகிறான். ஸ்கல் கிட் என்னும் குறும்பன், மஜோரா என்னும் சாபமுள்ள முகமூடியை அணிந்தவன், குதிரையையும் ஆக்கரினா என்னும் ஊதுகருவியையும் பறித்துக்கொண்டு ஓடுகிறான். துரத்திச் செல்லும் லிங்க் ஒரு பெரும்பள்ளத்தில் விழுகிறான். விழுந்த இடத்தில் மரச்சிறுவன் போன்ற வேற்றுருவம் பெறுகிறான். அப்பால் டெர்மினா என்னும் வேறொரு நாடு. அதன் நடுவே கடிகாரக் கோபுரம் உள்ள ஊர். அந்த ஊரின் தலைக்கு மேல், கோபமுகம் கொண்ட நிலா இறங்கிக்கொண்டே வருகிறது. மூன்றே நாளில் விழுந்து எல்லாரையும் அழித்துவிடும். லிங்க் ஒரு பாட்டை ஊதி முதல் நாள் விடியலுக்குத் திரும்பலாம். ஆனால் அவன் செய்த உதவிகளில் பெரும்பாலானவை அழிந்துபோகும், யாருக்கும் அவனை நினைவிருக்காது. இப்படித் திரும்பத் திரும்ப மூன்று நாள் வாழ்ந்து, நான்கு திசைகளில் கட்டுண்டு கிடக்கும் நான்கு பூதங்களை விடுவித்து நிலாவைத் தாங்கச் செய்ய வேண்டும். இதுதான் கதை.

ரசிகர்களின் கொள்கை

இனி, லிங்க் இறந்துவிட்டான் என்பாரின் கூற்றை நேர்மையாக எடுத்துரைப்போம். மறுக்கப் போகிறவன் எதிராளியின் வாதத்தை மெலிவாகச் சொல்லக் கூடாது. நம் தமிழில் குண்டலகேசி என்னும் காவியம் முழுதாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையும் எடுத்துக் காட்டியதால்தான் அதைப் பற்றி நாம் இன்று அறியும் செய்திகளில் பல தப்பின. மறுப்பவன் நேர்மையாக இருந்தால் எதிராளிக்குக்கூட ஆயுள் கிடைக்கும்.

அவர்களுடைய சான்றுகள் நான்கு.

ஒன்று, காடு. முந்தைய விளையாட்டிலேயே, துணைத்தேவதை இல்லாமல் அக்காட்டுக்குள் போகிறவர் வழிதப்பி மனிதத் தன்மையை இழப்பார் என்று சொல்லப்படுகிறது. குழந்தை ஸ்கல் கிட் ஆகும். பெரியவர் ஸ்டால்ஃபோஸ் என்னும் எலும்புக்கூட்டு வீரர் ஆவார். நாவியை இழந்த லிங்க் தேவதை இல்லாமல்தான் அங்கே போகிறான்.

இரண்டு, பெயர். டெர்மினா என்பது 'டெர்மினல்' என்னும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டுகிறது. முடிவு, இறுதி என்று அதற்குப் பொருள்.

மூன்று, முகங்கள். டெர்மினாவில் காணும் மக்கள் பலர் ஹைரூலில் கண்ட அதே முகங்கள். பெயர் மட்டும் வேறு. சாகும் மூளை தனக்குத் தெரிந்த முகங்களை வைத்துக் கடைசிக் கனவைக் காண்கிறது என்கிறார்கள்.

நான்கு, இதுவே தலையாயது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மருத்துவர் 1969-இல் வெளியிட்ட நூலில், சாவை எதிர்கொள்வோர் மனம் ஐந்து நிலைகளைக் கடக்கிறது என்றார்: மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல். டெர்மினாவின் ஐந்து இடங்கள் இந்த ஐந்து நிலைகளே என்கிறார்கள். கடிகார ஊரில் நிலா தலைக்குமேல் வந்தபின்னும் தச்சர் தலைவர் திருவிழாப் பந்தல் போடுகிறார்: மறுப்பு. உட்ஃபால் சதுப்பு நிலத்தில் மகளைக் காணாத அரசன், குற்றமற்ற குரங்கைப் பிடித்து வதைக்கிறான்: சினம். ஸ்னோஹெட் பனிமலையில் இறந்துபோன வீரன் டார்மானியின் ஆவி, தன்னை உயிர்ப்பிக்குமாறு கெஞ்சுகிறது: பேரம். பெருங்குடாவில் பாடகி லூலு குரலிழந்து கடலைப் பார்த்து நிற்கிறாள்: சோர்வு. இகானா பள்ளத்தாக்கில் லிங்க் கற்கோபுரம் ஏறி ஒளி அம்புகளைப் பெறுகிறான்: ஏற்பு.

கேட்டதும் எனக்கே புல்லரித்தது. பேரன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "எப்படி தாத்தா?" என்றான். "அழகா இருக்கு. ஆனா அழகா இருக்கிற சரக்கெல்லாம் நல்ல சரக்கு இல்லப்பா. தட்டிப் பார்க்கணும்" என்றேன்.

தட்டிப் பார்த்தல்

காட்சி, கருதல், உரை என அளவைகளை நம் முன்னோர் வகுத்தனர். கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கோர் சொன்னது. மேற்கண்ட நான்கும் கருதல் அளவையைச் சேர்ந்தவை. ஊகம் செய்வதில் தப்பில்லை. ஆனால் காட்சியோடு மோதும் ஊகம் நிற்காது.

முகங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். இது என் தொழிலுக்குப் பக்கத்தில் உள்ள செய்தி. புதிய விளையாட்டை ஓராண்டுக் காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது மியாமோட்டோ வைத்த கெடு. ஆகவே முந்தைய விளையாட்டுக்காக உருவாக்கிய உருவங்களையே எடுத்துப் புதுப்பெயர் சூட்டிப் பயன்படுத்தினார்கள். ஒரு அச்சு செய்ய ஆகும் செலவு பாத்திரக்காரனுக்குத் தெரியும். போன வருஷக் குடத்தின் அச்சிலேயே விளிம்பை மாற்றி இந்த வருஷக் குடம் அடிப்பார்கள். இரண்டு குடமும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் பட்டறையின் சிக்கனமே ஒழிய முற்பிறப்புத் தொடர்பு அன்று. ஆனால் நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிக்கனத்தில் பிறந்தது என்பதால் ஒரு பொருளுக்கு அழகு இல்லை என்று ஆகிவிடாது. தெரிந்த முகம், தெரியாத ஆள் என்ற அந்தக் கலக்கம் ஆடுகிறவனைத் தொடத்தான் செய்கிறது. அதைச் சாவின் சான்றாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

அடுத்துப் பெயர். இந்த விளையாட்டு ஜப்பானிய மொழியில் பிறந்தது. அந்நாட்டின் பெயர் அம்மொழியில் 'டருமினா'. ஜப்பானியர் 'டெர்மினல்' என்ற சொல்லை எழுதுவதோ 'டாமினரு' என்று. இரண்டும் ஒலியில் விலகி நிற்கின்றன. மொழிபெயர்ப்பில் கிடைத்த ஒலி ஒற்றுமையை மூலத்தின் கருத்தாக்குவது, பாடபேதம் பார்க்காமல் உரை எழுதுவது போன்றது.

இனி அந்த ஐந்து நிலைகள். இதில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். ஒவ்வொரு ஊராகப் பேரன் ஆட, நான் பேரேட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். வரவுப் பக்கத்தில் கொள்கைக்குச் சாதகமானவை, பற்றுப் பக்கத்தில் பாதகமானவை. ஐந்தொகை போட்டபோது இகானாவில் கணக்கு உதைத்தது.

இகானா ஏற்புக்கு உரிய இடம் என்கிறார்கள். அங்கே இருப்பவர் யார் யார்? செத்த பின்னும் போர் முடியவில்லை என்று நம்பிப் படையோடு கிடக்கும் கீட்டா என்னும் தளபதி. எலும்பாகியும் அரியணையை விட்டு இறங்காத அரசன். இவர்கள் சாவை ஏற்றவர்களா? போதாக்குறைக்கு அங்கே பமேலா என்னும் சிறுமி இருக்கிறாள். பேய்களை ஆராயப் போன அவள் அப்பா பாதி பிணமாகவே மாறிவிட்டார். அவரை அலமாரிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, வெளியாள் யாரும் கதவண்டை வராமல் காவல் காக்கிறாள். இது ஏற்பு அன்று. விளையாட்டு முழுவதிலும் இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது.

சரி, ஏற்பு எங்கே இருக்கிறது? மறுப்புக்கு உரியது என்று அவர்கள் ஒதுக்கிய அதே கடிகார ஊரில்! அங்கே விடுதி நடத்தும் ஆஞ்சு என்ற பெண் இருக்கிறாள். மணக்கவிருந்த காஃபே சாபத்தால் சிறுவனாகி ஒளிந்து திரிகிறான். லிங்க் இருவருக்கும் நடுவே ஓடி ஓடி உதவினால், குடும்பத்தார் ஊரைவிட்டுப் போனபின்னும் அவள் அங்கேயே காத்திருக்கிறாள். நிலா விழச் சொற்ப நேரமே இருக்கும்போது காஃபே வந்து சேர்கிறான். இருவரும் முகமூடிகளை மாற்றிக்கொள்கிறார்கள். ஓடித் தப்பிக்க நேரம் இருக்கும் லிங்கைப் போகச் சொல்லிவிட்டு, தாங்கள் சேர்ந்தே விடியலை எதிர்கொள்வோம் என்று அமர்கிறார்கள். ஏற்பு என்றால் இதுவன்றோ!

ஆக, ஐந்து பெட்டிக்குள் ஐந்து சரக்கு என்று அடுக்கியது தவறு. எல்லாப் பெட்டியிலும் எல்லாச் சரக்கும் கலந்து கிடக்கிறது. கூப்ளர்-ராஸ் அம்மையாரே பிற்காலத்தில் இந்த நிலைகள் படிக்கட்டுப்போல வரிசையாக ஏறிச் செல்பவை அல்ல என்று தெளிவுபடுத்தியிருக்கிறார். இன்னொன்றும் நோக்கத்தக்கது. 1969-ஆம் ஆண்டு நூல் பெரிதும் சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பிறந்தது, பறிகொடுத்தவர்களிடமிருந்து அன்று. லிங்க் நாவியை இழந்த துயரத்தில் இருக்கிறான் என்பாரும், லிங்கே சாகிறான் என்பாரும் ஒரே ஐந்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோவு. பறிகொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

காட்சியும் உரையும் சொல்வது

காட்சி அளவைக்கு வருவோம். பள்ளத்தில் விழும் லிங்க் பெரிய மலர் ஒன்றின்மேல் விழுவதாகத்தான் காட்டுகிறார்கள். ஸ்கல் கிட்டுக்கும் நான்கு பூதங்களுக்கும் லிங்க் வருவதற்கு முன்பே நெடுநாள் நட்பும் பிரிவும் இருந்திருக்கின்றன. டெர்மினா லிங்கின் சாவுக்கனவு என்றால், இன்னொருவனுடைய பழங்கதை அவன் கனவுக்குள் எப்படி வந்தது? இறுதியில் நிலா தடுக்கப்பட்டு, முகமூடி வணிகர் விடைபெற்று, லிங்க் குதிரையேறிப் போகிறான். கடைசிக் காட்சியில் ஒரு மரத்தின் அடிக்கட்டை மேல் ஸ்கல் கிட், லிங்க், பூதங்கள் எல்லாரும் சேர்ந்து நிற்பதாக ஒரு சிறுபிள்ளைச் சித்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது.

உரை அளவை இன்னும் வலுவானது. 2006-இல் 'ட்வைலைட் பிரின்சஸ்' என்ற விளையாட்டு வந்தது. பல தலைமுறை கழித்து நடக்கும் கதை. அதில் பொன்னிற ஓநாயாகத் தோன்றி, பிறகு கவசம் பூண்ட எலும்புக்கூட்டு வீரனாக மாறி, புதிய நாயகனுக்கு 7 போர்முறைகளைக் கற்றுத்தரும் ஆவி ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்ற அதிகாரபூர்வ நூல், அந்த ஆவி பழைய லிங்கே என்று கூறியது. பிள்ளைப் பருவத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதால் அவன் செய்த வீரம் யாருக்கும் தெரியாமல் போயிற்று; தான் கற்றதை அடுத்தவனுக்குக் கையளிக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் நின்றுவிட்டான்.

இதற்கு நூலுக்குள்ளேயே ஓர் அகச்சான்றும் உண்டு. அந்த ஓநாயோடு சேர்ந்து ஊளையிடும் பாட்டுகளில் ஒன்று, ஆற்றுப்படுத்தும் பாட்டு. அதை லிங்க் கற்றது டெர்மினாவுக்குப் போன பிறகுதான். ஆக டெர்மினாவிலிருந்து மீண்டு, வளர்ந்து, கவசம் தாங்கும் ஆளாகிப் பிறகே அவன் இறந்திருக்க வேண்டும். காட்டில் பள்ளத்தில் விழுந்து சிறுவனாகவே செத்தான் என்ற கொள்கை இங்கே முறிந்துபோகிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அதே நூல் காலவரிசையை மூன்று கிளையாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒரு கிளை, 'ஆக்கரினா ஆஃப் டைம்' இறுதிப் போரில் லிங்க் தோற்று மாண்டதாகக் கொண்டு தொடங்குகிறது. ஆகவே, லிங்க் இறந்தானா என்றால், ஒரு நோக்கில் இறந்தான். ஒரு நோக்கில் இறக்கவில்லை. எங்கள் சமண மரபில் அநேகாந்தம் என்பார்கள். பலர் அதை எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியன்று. எந்த நோக்கில் என்பதை ஒவ்வொரு கூற்றோடும் கட்டிச் சொல்ல வேண்டும் என்பதே அதன் கண்டிப்பு. 'தோற்ற கிளையில் போரில் மாண்டான்' என்பது செல்லும். 'சிறுவனாய்த் திரும்பிய கிளையில் வளர்ந்தபின் மாண்டான்' என்பதும் செல்லும். 'காட்டில் விழுந்து மாண்டான்' என்பது எந்த நோக்கிலும் செல்லாது.

எப்படி மாண்டான்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. போரிலா, நோயிலா, தேவதை இல்லாத பெரியவனாய் அதே காட்டில் வழிதப்பியா? எலும்புக்கூட்டு உருவத்தைக் கண்டு கடைசியதைச் சொல்லுவாரும் உளர். இடைவெளி அப்படியே கிடக்கிறது.

கொள்கை தப்பு, கொள்கைக்காரர் தப்பில்லை

இதையெல்லாம் பேரனிடம் பெருமையாக எடுத்து வைத்தேன். அவன் ஒன்றும் மறுக்கவில்லை. கருவியை அணைத்துவிட்டு, "எப்படிச் செத்தான்னு யாருமே சொல்லலேன்னா, யோசிச்சுக்கிட்டேதானே தாத்தா இருப்பாங்க" என்றான்.

அன்பர்கள் சிலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையில், என் மூத்த மகன் போய்விட்டான். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை, விடவில்லை. முகத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பேரனுக்கு அப்போது 10 வயது. அவனிடம் 11 நாள் நான் சொல்லவில்லை. அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். பிறகு இல்லை என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கடைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். பமேலாவைப் பற்றி மேலே அவ்வளவு கண்டிப்பாக எழுதினேன் அல்லவா, பூட்டினவன் நானும்தான்.

விளையாட்டில் ஒரு பண்ணை வருகிறது. அக்கா கிரீமியா, தங்கை ரோமானி. நிலா விழப்போவது அக்காவுக்குத் தெரியும். கடைசி மாலையில், பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் விசேஷப் பாலை, நீயும் பெரியவளாகிவிட்டாய் என்று சொல்லித் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறாள். இன்றிரவு என் படுக்கையிலேயே படுத்துக்கொள் என்கிறாள். நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்தில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். கிரீமியா செய்தது சரி, அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே இரவு. எனக்கோ ஆண்டுக்கணக்கில் இருந்தது.

திறனாய்வு என்ற முறையில் இதிலிருந்து நான் பெற்ற முடிவு இது. 'லிங்க் இறந்தான்' என்பார் நாயகனின் சாவைத் தேடி நூலைக் குடைகிறார்கள். நூலில் கண்முன்னே கிடப்பதோ பிறருடைய சாவு. டார்மானி இறந்தவன். குடாவில் மிக்காவ் என்னும் இசைஞன் லிங்கின் கண்ணெதிரே இறக்கிறான். லிங்க் அவர்களுக்கு ஆற்றுப்படுத்தும் பாட்டை வாசிக்கிறான். அவர்கள் உயிர் ஒரு முகமூடியாய் அவன் கையில் தங்குகிறது. அதை அணிந்து அவர்கள் விட்ட வேலையை முடிக்கிறான். தொடக்கத்தில் காட்டுவழியில் வாடிநின்ற சிறுமரம் ஒன்று யாருடைய மகன் என்பது இறுதிக் காட்சியில், ஒரு தகப்பன் அதன்முன் மண்டியிட்டு அழும்போதுதான் நமக்கு உறைக்கிறது. லிங்க் அந்த மகனுடைய சாயலில்தான் முதல் மூன்று நாளும் நடமாடியிருக்கிறான். ஆக, இந்நூல் செத்தவன் காணும் கனவு அன்று. செத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்ட ஒருவனின் கதை.

கொள்கைக்காரர் பதிலில் தவறினார்கள்; ஆனால் இந்தப் பிள்ளை விளையாட்டு சாவைப் பற்றியது என்று முதலில் மோப்பம் பிடித்தவர்கள் அவர்களே. அதற்கான மரியாதையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஓர் இடைவெளி இருந்தால் மனிதன் அதை இட்டு நிரப்பாமல் விடமாட்டான். சான்று இருப்பவன் சான்றைக் கொடுக்காவிட்டால் அவன் கதையைக் கொண்டு நிரப்புவான். குற்றம் கதை கட்டினவனுடையது மட்டும் அல்ல.

முடிவுரை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டகத்தைத் திறந்தேன். அவன் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். "எப்பவோ செய்திருக்கணும் மாமா" என்றாள்.

கோப்பை மேசைமேல் விரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தோம். சேர்த்த நாள், ஆக்சிஜன் அளவு, மருந்துகள், நேரம். அவனுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். எனக்குப் புரியாத சொற்களை அவனே விளக்கினான். நடுவில் நான், "நாலாம் நாள் ராத்திரி அப்பா போன் பண்ணினான், நீ ஆன்லைன் பரீட்சை எழுதினியான்னு கேட்டான்" என்று சொன்னேன். அந்த ஒரு செய்தியை ஆயிரம் முறை மனசுக்குள் ஓட்டியிருக்கிறேன்.

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "இல்ல தாத்தா. நாலாம் நாள் சாயங்காலமே வென்டிலேட்டர் போட்டாச்சுன்னு எழுதியிருக்கு. பேசியிருக்க முடியாது. மூணாம் நாளா இருக்கும்."

சரிபார்த்தேன். அவன் சொன்னதே சரி. இத்தனை ஆண்டு நான் மனத்தில் வைத்திருந்த பாடம் பிழை. காட்சி அளவைக்குமுன் என் ஞாபகம் தோற்றது. பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் 'மூன்றாம் நாள்' என்று அவன் கையாலேயே எழுதச் சொன்னேன்.

இக்கட்டுரையின் விளையாட்டுச் செய்திகளை எல்லாம் அச்சுக்குப் போகுமுன் பேரன் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தான். மிச்சமுள்ள பிழைகள் என்னுடையவை.